ஆஸ்பத்திரி வாசலில் யாருக்கு யார் பகை?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வாசலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அந்த வாசலில் ஒரு நாளாவது கால்கடுக்க நிற்காத குடும்பம் உண்டா?

சில மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். நூல் மில்லில் வேலை செய்யும் நம் தோழர் ஒருவரின் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு மூச்சிரைப்பு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாய் உள்ளே இருந்தார். தோழர் இரவு ஷிப்டு முடிந்ததும், தலையில் ஒட்டிய பஞ்சோடு ஓடினார். வாசலில் காவலர் மறித்தார். “பாஸ் இருக்குதுங்களா? இல்லைன்னா சாயங்காலம் வாங்க” என்றார். சாயங்காலம் தூங்கி எழுந்து மறுபடி ஷிப்டுக்குப் போக வேண்டியவர் எப்படி வருவார்? வாய்ச்சண்டை முற்றியது. எங்களுக்குச் செய்தி வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தோழரின் கை காவலரின் சட்டையில் இருந்தது.

இருவரையும் பிரித்து, டீக்கடைக்கு அழைத்துப் போனோம். காவலர் சொன்னார்: “நான் காண்ட்ராக்ட் ஆளுங்க. பன்னிரண்டு மணி நேரம் நிக்கறேன். உங்களை உள்ளே விட்டா எனக்கு வேலை போயிடும். விடாட்டி உங்ககிட்டே அடி வாங்கணும். எனக்கும் வீட்டிலே குழந்தை இருக்குதுங்க.” தோழர் தலையைக் குனிந்துகொண்டார்.

உழைத்துச் சாப்பிடும் இருவரை ஒரு வாசலில் எதிரும் புதிருமாக நிறுத்தியது எது? விதியா? விதியே வேண்டாமா? நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஏழையை விரட்டத்தான் பாஸ் என்று எண்ணினோம். வார்டில் இருந்த நர்ஸ் அம்மாவிடம் கேட்ட பிறகுதான் எங்கள் எண்ணத்தில் பாதி தவறு என்று புரிந்தது.

விதி எதற்கு?

முதலாவது, நோய்த்தொற்று. பெரியவர்களுக்குச் சாதாரண ஜலதோஷமாக வந்து போகும் கிருமி, பச்சிளங் குழந்தைக்கு நிமோனியாவாக மாறலாம். ஒரு குழந்தையைப் பார்க்கப் பத்துப் பேர் போனால், பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் சேர்த்துத்தான் இருமுகிறோம்.

இரண்டாவது, குழந்தைத் திருட்டு. “உதவித்தொகை வாங்கித் தருகிறேன்”, “நீ போய்ச் சாப்பிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அன்பாகப் பேசி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அகப்படுவது பெரும்பாலும் துணையில்லாத ஏழைத் தாய்தான். 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது: பிறந்த குழந்தை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கடத்தப்பட்டால், மற்ற நடவடிக்கைகளோடு, முதல் வேலையாக அந்த ஆஸ்பத்திரியின் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும். குழந்தையின் பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, தீ. 2021 ஜனவரி 9, மகாராஷ்டிரத்தில் பண்டாரா மாவட்ட ஆஸ்பத்திரி. நள்ளிரவு தாண்டிய நேரம். பச்சிளங் குழந்தைகள் பிரிவில் இருந்த 17 சிசுக்களில் 10 சிசுக்கள் மாண்டன. 2024 நவம்பர் 15 இரவு, ஜான்சி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அங்கும் பச்சிளங் குழந்தைகள் பிரிவு, அன்றிரவே 10 சிசுக்கள் பலி. ஜன்னல்களை உடைத்துத்தான் மற்றக் குழந்தைகளை வெளியே கொண்டுவந்தார்கள். என் குழந்தை எங்கே, எது என் குழந்தை என்று பெற்றோர் அலைந்தார்கள்.

பிராணவாயு ஓடும் அறையில் சிறு பொறி விழுந்தாலும் தீ வெறியோடு எரியும். பலரைக் கொல்வது தீயைவிடப் புகைதான். நடைவழியில் கட்டில், மூட்டை, பாய், கூட்டம் என்று அடைத்துக் கிடந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எந்த வழியில்?

ஆகவே பாஸ் வேண்டும், நேரம் வேண்டும், காவல் வேண்டும். இதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

தாய் விருந்தாளியா?

ஆனால் தோழர்களே, தாயையும் தகப்பனையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கணக்கில் சேர்ப்பது நியாயமா? இந்தக் கேள்வியை உலகம் முன்பே கேட்டிருக்கிறது.

1950க்களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகள், குழந்தையைப் பார்க்கப் பெற்றோரை வாரத்திற்கு ஓரிரு முறைதான் விட்டன. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். கிளாஸ்கோ பக்கத்துத் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இதை ஒப்பவில்லை. குழந்தை அடங்கிப் போவது சமர்த்தால் அல்ல, மனம் உடைந்ததால் என்றார். 1952-ல், இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் கழித்த எட்டு நாட்களைப் படமாகப் பிடித்துக் காட்டினார். டாக்டர்கள் பலர் அவர்மீது கோபப்பட்டார்கள். ஆனால் 1959-ல் பிளாட் கமிட்டி, பெற்றோர் வருவதற்குத் தடை கூடாது, சிறு குழந்தையோடு தாயும் தங்க வழி செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்திலேயே கிடந்துவிடும் என்று கண்ட லண்டன் பாட்டர்சீ பகுதித் தாய்மார்கள் 1961-ல் ஒரு சங்கம் அமைத்து, அதை நிறைவேற்றும்படி ஆஸ்பத்திரிகளை வற்புறுத்தினார்கள். சங்கம் வைத்துத்தான் வாசல் திறந்தது!

இன்னொன்று. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில், எடை குறைந்த சிசுக்களுக்கு வெப்பப் பெட்டி போதவில்லை. தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைத்தார்கள். பிள்ளைகள் பிழைத்தன. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனேயே இப்படித் தாயோடு அணைத்து வைத்தால், நிலைமை சீரான பிறகு வைப்பதைவிட, சாவு நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று அது கண்டது. தாயின் நெஞ்சும் ஒரு வைத்தியம்!

நம் மத்திய சர்க்காரே 2017-ல் வழிகாட்டி நெறி வெளியிட்டது. பச்சிளங் குழந்தைகள் பிரிவில் பெற்றோருக்குக் கைகழுவவும் பராமரிக்கவும் கற்றுக்கொடுத்து, தாயை மட்டுமல்ல, தகப்பனையும் உள்ளே அனுமதிக்க வேண்டும் என்கிறது அது. இதை நம்மில் எத்தனை பேரிடம் யார் சொன்னார்கள்?

நாம் செய்ய வேண்டியது

கேட்பதற்கு முன் நம் பங்கைச் செய்வோம்.

பஞ்சுத் தூசியோடும், பூச்சிமருந்து அடித்த சட்டையோடும் குழந்தையைத் தொடக்கூடாது. குளித்து, உடை மாற்றிப் போக வேண்டும். வார்டில் நுழையும் முன் சோப்புப் போட்டு ஒரு நிமிடம் கைகழுவ வேண்டும். இருமல், காய்ச்சல் இருந்தால் போகக்கூடாது. உறவினரைக் கூட்டமாக அழைத்துப் போகக்கூடாது.

பீடி, தீப்பெட்டி வேண்டாம். திருஷ்டி கழிக்கிறோம் என்று கற்பூரம் கொளுத்த வேண்டாம். கருவிகள் ஓடும் பிளக்கில் செல்போனைச் செருக வேண்டாம். போனவுடன் இரண்டாவது வழி எங்கே என்று பார்த்து வையுங்கள். புகை வந்தால், ஈரத்துணியால் மூக்கை மூடி, தாழக் குனிந்து வெளியேற வேண்டும். தீயணைப்புக்கு 101.

அடையாள அட்டை இல்லாதவர் கையில் குழந்தையைக் கொடுக்காதீர்கள். ஸ்கேனுக்கு எடுத்துப் போனால் கூடவே போங்கள். குழந்தையின் கையில் கட்டிய சீட்டையும் தாயின் சீட்டையும் ஒத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் 1098-க்குப் பேசுங்கள்.

டாக்டர், நர்ஸ், காவலர் மேல் கை வைக்காதீர்கள். அதற்குத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், அடிதடி நடக்கும் நேரம் வைத்தியம் நிற்கிறது. நிற்பது நம் குழந்தையின் வைத்தியம்.

நாம் கேட்க வேண்டியது

தாய்க்கு எந்நேரமும், தகப்பனுக்கு ஷிப்டுக்கு ஏற்ற நேரத்திலும் அனுமதி வேண்டும். பாஸுக்குக் காசு கேட்கக்கூடாது. விதிகளை வாசலில் பெரிய தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்ல வேண்டும். உடன் வந்தவர்கள் மரத்தடியிலும் நடைபாதையிலும் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்குக் கூரையும் குடிநீரும், பெண்களுக்கு விளக்கு எரியும் கழிவறையும் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது வழி, பூட்டப்படாத வழி, வேண்டும். மின்கம்பிகளைக் காலாகாலத்தில் சோதிக்க வேண்டும். காவலர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி தர வேண்டும். கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9-ல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தபோது, உதவிக்கு ஓடிவந்த குடிசைவாசிகளைக் காவலர்கள் முதலில் திருப்பி அனுப்பினார்கள் என்று செய்தி வந்தது. தொண்ணூறு பேர் வரை மாண்டார்கள். பயிற்சி இல்லாத காவல் யாரைக் காக்கும்?

நம் தோழரின் விஷயம் என்னவாயிற்று? மனு எழுதி, நாற்பது குடும்பங்களின் கையெழுத்தோடு மேலதிகாரியைப் பார்த்தோம். இரவு ஷிப்டு முடித்து வரும் தகப்பனுக்குக் காலையில் அரை மணி நேரம் தனிப் பாஸ் என்று ஒத்துக்கொண்டார். மற்றவற்றை மேலே எழுதுவதாகச் சொன்னார். மறுபடியும் போவோம்.

அந்த மனுவில் கடைசிக் கோரிக்கை, வாசல் காவலருக்கு எட்டு மணி நேர வேலை. அதை எழுதச் சொன்னது, அன்று அவர் சட்டையைப் பிடித்த நம் தோழர்தான்.

குழந்தை நலமாக வீடு திரும்பிவிட்டது. வாசலில் நிற்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வாருங்கள், அவர்களோடு நிற்போம்.