பறக்கவிடாமல் பார்ப்போம்



1930-இல் திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடந்தே வந்து உப்பெடுத்த மண் இந்த வேதாரண்யம். நடையின் அருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று இன்னொரு நடைக்கு உங்களை அழைக்க வந்திருக்கிறேன். பக்கத்திலேயே இருக்கிற கோடியக்கரைக்கு!

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது. 2002-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு பக்கம் பாலை மரக் காடும் வெளிமான் மேயும் புல்வெளியும். மறுபக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை நீளும் சதுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நல்ல தண்ணீர் வந்து கலந்ததும், உப்பேறிக் கிடந்த சேற்றில் புழுவும் பூச்சியும் பெருகுகின்றன. அந்தத் தீனியை நம்பித்தான் வடதுருவப் பகுதியை ஒட்டிய சைபீரியச் சமவெளியிலிருந்துகூடப் பறவைகள் இங்கே வருகின்றன. அவற்றில் ஒன்றான கொசு உள்ளான், சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அந்தச் சின்ன உடம்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிறது, நண்பர்களே!

விடியற்காலையில் போங்கள். வெயில் முதுகில் படும்படி சேற்றோரம் நின்று பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், கண்ணில் பட்டதைக் கொத்தும். உள்ளான் அலகைச் சேற்றில் குத்திக் குத்தியே இரை தேடும். கண்ணுக்குத் தெரியாத புழுவை அதன் அலகு நுனி தொட்டே அறிந்துகொள்ளும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். இரை மட்டும் உள்ளே தங்கும். ஒரே சேறுதான். ஆனால் ஒவ்வோர் அலகுக்கும் ஒவ்வோர் ஆழத்தில் உணவு இருக்கிறது.

அங்கே சிலர் என்ன செய்கிறார்கள்? கூட்டமாக எழும்பினால் படம் அழகாக வருமென்று கைதட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள். நமக்கு அது ஒரு நொடி வேடிக்கை. பறவைக்கோ, திரும்பிப் போகும் பயணத்துக்காகத் தின்று தின்று உடம்பில் சேர்த்த கொழுப்பு அப்போது கரைகிறது. வழிச்செலவுக்கு முடிந்துவைத்த பணத்தை நாம் பிடுங்கிக்கொள்வது போன்றது அது. பறவை பார்க்கத் தெரிந்தவர் யார்? யார் வந்ததும் போனதும் பறவைக்குத் தெரியவில்லையோ, அவரே பார்க்கத் தெரிந்தவர்.

பறவையைக் காப்பது என்றால் அதன் சேற்றையும் காக்க வேண்டும். நல்ல தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்தால் சதுப்பில் உப்பு மிஞ்சும். சீமைக் கருவேலம் பரவினால் புல்வெளி சுருங்கும். 2018-இல் கஜா புயல் நம் மரங்களைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. புயலைத் தடுக்க நம்மால் முடியாது. குப்பையைத் தடுக்க முடியும், வாய்க்காலைத் தூர்வார முடியும்.

இந்த நூலக வாசகர் வட்டத்து அவையிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். நூலகத்தில் புத்தகங்களோடு இரண்டு பைனாகுலரும் ஒரு பறவைக் கையேடும் வையுங்கள். பிள்ளைகள் இரவல் வாங்கிப் போகட்டும். பள்ளிகள் மாதம் ஒருமுறை அவர்களை அழைத்துச் சென்று, கண்ட பறவைகளைத் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லட்டும். மழைக்கு முன் வாய்க்கால் தூர்வார வேண்டுமென்று ஊராட்சிகள் கிராமசபையில் தீர்மானம் போடட்டும். மூன்றும் நம் கைக்கு எட்டுகிற காரியங்கள். இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்குவோம்!