பிடில் மெட்டுக்குச் சொந்த ஊர் எது?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பாடகர் குழு மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்னும் சற்று நேரத்தில் நம் பிள்ளைகள் ஆறு பேர் ஒன்றாக அமர்ந்து பிடில் வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சாமியாரிடம் ஐந்து நிமிடம் கொடுத்தால் அது எதில் போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இன்று நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. ஒரு பழைய கடனைத் தீர்க்க வந்திருக்கிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே பங்கில் நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அப்போது நம் பழைய உபதேசியார் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பிடில் குழு ஒன்று நடத்தி வந்தார். முதுநிலை வித்துவான்கள் அல்லர். தச்சர் ஒருவர், மில் தொழிலாளி இருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். ஒரு ஞாயிறு, நன்றி மன்றாட்டு நேரத்தில், துள்ளலான சிறு மெட்டு ஒன்றை எல்லோரும் ஒரே குரலாக வாசித்தார்கள். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருமடத்தில் எங்களுக்குத் திரையிட்டுக் காட்டிய 'தி கொயட் மேன்' என்ற 1952ஆம் ஆண்டுப் படத்தில் வரும் மெட்டு அது. அயர்லாந்துக் கிராமம், குடி, குஸ்தி எல்லாம் நிறைந்த படம். பூசை முடிந்ததும் உபதேசியாரை அழைத்து, "சாராயக்கடைப் பாட்டைப் பீடத்தின் முன் வாசிப்பதா?" என்று கடிந்துகொண்டேன். அவர் நின்று கேட்டுவிட்டு, "என் வாத்தியார் இதை 'நோட்டு' என்றுதான் சொல்லிக் கொடுத்தார், சாமி" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அவர் கோயிலுக்கு வந்தார், ஜெபம் சொன்னார். பிடிலை மட்டும் எடுத்து வரவில்லை. குழுவும் கலைந்துபோயிற்று.

நான் சொன்னதில் பாதி உண்மை. அந்த மெட்டின் பெயர் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. அதாவது, மாலோ ஊர்ப் போக்கிரிகள். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் இருக்கிறது மாலோ. அங்கே ஒரு நீரூற்று. உடம்புக்கு நல்லது என்று 18ஆம் நூற்றாண்டில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் போய்த் தங்குவார்கள். ஊற்றுத் தண்ணீரைக் காட்டிலும் வேறு தண்ணீரில்தான் அவர்களுக்கு நாட்டம் அதிகம். அவர்களுடைய கும்மாளத்தைப் பாடும் பாட்டு அது. மெட்டைக் கட்டியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. நம் தவக்கால ஒப்பாரி மெட்டுகளைக் கட்டியவர் பெயர் நமக்குத் தெரியாதது போலத்தான். ஐரிஷ் பிடில்காரர்கள் இத்தகைய மெட்டுகளை ஏட்டைப் பார்த்து வாசிப்பதில்லை. பத்துப் பேர் கூடினாலும் பத்துப் பேரும் அதே மெட்டைக் காதால் கேட்டுப் பிடித்துச் சேர்ந்து வாசிப்பார்கள்.

இந்த மெட்டு தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது? கும்பினிப் பட்டாளத்தின் வெள்ளைச் சிப்பாய்களில் ஐரிஷ்காரர் ஏராளம். அவர்களோடு பாண்டு வாத்தியமும் வந்தது. சென்னைக்கு அருகே மணலியில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்த காலத்தில், அவர்களை ஆதரித்த சின்னையா முதலியார், தீட்சிதரின் மக்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய் அந்தப் பாண்டைக் கேட்கச் செய்தார். இளையவர் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். கர்நாடக இசையில் பிடில் ஏறிய கதை அங்கேதான் தொடங்குகிறது. பிறகு நம்மவர் அதைத் தோளிலிருந்து இறக்கி, சம்மணமிட்டு, அதன் தலையைக் கால்மேல் சாய்த்து வைத்து, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்து வாசித்தார்கள்.

மூத்தவர் முத்துசாமி தீட்சிதரோ (1775–1835) மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். பாண்டுக்காரர் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை எழுதினார். நோட்டுஸ்வர சாகித்தியம் என்று இவற்றைச் சொல்வார்கள். முப்பதுக்கு மேல் உண்டு. வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றி எழுந்து நிற்கும் அரச வாழ்த்து மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்று சியாமளா தேவியைப் பாடினார்! மாலோ ஊர்ப் போக்கிரிகளின் மெட்டு என்னவாயிற்று தெரியுமா? 'வந்தே மீனாக்ஷி' ஆயிற்று. நம் மதுரை மீனாட்சியின் பெயரில் அமைந்த துதி.

இந்தக் கதையைக் காத்துக் கொடுத்ததில் ஒரு கத்தோலிக்கருக்கும் பங்குண்டு. சென்னையில் அரசாங்க அலுவலில் இருந்த சின்னசாமி முதலியார் 1892இல் நம் கீர்த்தனைகளை மேனாட்டு இசைக்குறியில் அச்சிடத் தொடங்கினார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரை (1839–1906) எழுதத் தூண்டியவரும் அவரே. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில்தான் பாலுசாமி பிடில் கற்ற செய்தி இருக்கிறது.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது வெகு காலத்துக்குப் பிறகு. ஒருநாள் மாலை வானொலியில் சிறு பிள்ளைகள் 'வந்தே மீனாக்ஷி' பாடினார்கள். உபதேசியாரின் 'நோட்டு' இதுதான்! பிடில் கற்கும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் சொல்லித்தரும் பாடம். அதற்குள் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டிருந்தார்.

"சாராயக்கடையிலிருந்து அம்மன் சந்நிதிக்குப் போன மெட்டு, நம் கோயிலுக்கு ஆகுமா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 1903இல் பத்தாம் பத்திநாதர் பாப்பானவர் கோயிலில் பியானோவையும் மேளத்தையும் விலக்கினார். 1963இல் வத்திக்கான் சங்கம், வழிபாட்டுக்குத் தகுந்தவையும் தகுந்ததாக்கக் கூடியவையுமான மற்ற இசைக்கருவிகளுக்கும் இடம் கொடுத்தது. அந்தத் தகுதியை எங்கே தேடுவது? நான் மெட்டின் பிறப்பில் தேடினேன். கேட்கிறவர்களின் காதில் தேடியிருக்க வேண்டும். போன மாதம் வெளியான சினிமா மெட்டில் காணிக்கைப் பாட்டுப் பாடினால், நடிகர் நடிகையும் கூடவே பீடத்தருகே வந்து நிற்கிறார்கள். அதை இன்றும் நான் அனுமதிப்பதில்லை, பாடகர் குழுவினர் மன்னிக்க வேண்டும். அன்று இந்தக் கோயிலில் இருந்த எவர் காதிலும் மாலோ ஊர்க் குடிகாரன் இல்லை. என் காதில் மட்டும் இருந்தான். என் ஒருவனுடைய காதை வைத்து, ஐந்து பேருடைய கைகளைக் கட்டிவிட்டேன்.

இப்போது வாசிக்கப்போகும் ஆறு பேரில் இருவர் உபதேசியாரின் பேரப்பிள்ளைகள். பெரியவன் மடியில் இருப்பது தாத்தாவின் பிடில்தான். பரண்மேல் கிடந்ததை எடுத்துப் புதுத் தந்தி போட்டிருக்கிறார்கள். எந்த மெட்டை வாசிப்பது என்று என்னிடம் கேட்டார்கள். அந்த நோட்டையே கேட்டேன். அவர்களுடைய பாட்டியம்மா முன்வரிசையில் இருக்கிறார்கள். அம்மா, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தம்பி, சுருதி சேர்ந்துவிட்டதா? ஆரம்பியுங்கள்.