பிளெதோரா என்றொரு சொல்



மே மாதம் ஜி.சி.எஸ்.ஈ. எழுதப் போகிற பிள்ளை உள்ள வீடுகளை இப்போது வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒன்றில் ரி.வி. சத்தம் குறைந்திருக்கும், அல்லது அதைக் குறைக்கச் சொல்லிச் சண்டை நடக்கும். கணிதம், விஞ்ஞானம் என்றால் எங்கள் ஆட்கள் சனிக்கிழமை காலையிலேயே ரியூசனுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆங்கிலத்தை மட்டும், "இஞ்சை பிறந்த பிள்ளைதானே, அது தானா வரும்" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படி விட்டவன்தான். என்னுடைய மகள் இந்தச் சோதனைக்குப் படித்த வருடம், ஒரு சொல்லால்தான் எனக்குக் கண் திறந்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லலாம் என்று வந்தேன்.

முதலில் சோதனையைப் பற்றிக் கொஞ்சம். 2017இல் முதன்முதலாக எழுதப்பட்ட இந்தப் பாடத்திட்டத்தில், ஏ.கியூ.ஏ. சபையின் ஆங்கில மொழிக்கு இரண்டு வினாத்தாள்கள். ஒவ்வொன்றும் ஒன்றேமுக்கால் மணித்தியாலம், 80 புள்ளி. இரண்டாவது தாளின் ஐந்தாம் கேள்விக்கு மட்டும் 40 புள்ளி, தாளின் சரிபாதி. ஒருவர் அடித்துச் சொன்ன கருத்தொன்றைத் தருவார்கள். அதைப் பற்றிப் பேச்சாகவோ கடிதமாகவோ கட்டுரையாகவோ பிள்ளை வாதாட வேண்டும். அந்த 40இல் 24 உள்ளடக்கத்துக்கும் ஒழுங்குக்கும், 16 வசனத்துக்கும் எழுத்துப் பிழையின்மைக்கும். மேல்தட்டுப் புள்ளி வேண்டுமென்றால் சொல்வளம் பரந்திருக்க வேண்டும், மொழி உத்திகள் கைவந்திருக்க வேண்டும் என்று புள்ளித் திட்டம் சொல்கிறது. 4ஆம் தரம் வராவிட்டால் இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குப் பிறகும் அந்தப் பாடத்தை விட முடியாது. ஆகவே பயம் நியாயமானதுதான்.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 'டஃபாரஸ்ட்'. பல பாடசாலைகளில் இதை மனப்பாடம் செய்விக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு உத்தி: கேட்பவரை நேரே விளித்தல், ஒரே ஓசையில் சொற்களைத் தொடங்குதல், தகவல், கருத்து, பதில் தேவையில்லாத கேள்வி, உணர்ச்சிச் சொல், புள்ளிவிபரம், மூன்று மூன்றாக அடுக்குதல். மகள் இதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நானும் படித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இவற்றில் பாதியை நாங்கள் ஊரில் வேறு பெயரில் படித்தவர்கள். ஓசை ஒன்றுவது கிட்டத்தட்ட எங்கள் மோனை. சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லும் உத்தி தண்டியலங்காரத்தில் பின்வருநிலையணி. செவிச்செல்வத்தைப் பற்றிய குறளில் ஏழு சீருக்குள் 'செல்வம்' ஐந்து முறை வரும். எங்கள் தமிழ் வாத்தியார் அதை விரல் விட்டு எண்ணச் சொல்வார். 1940 யூன் 4இல் சேர்ச்சில் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சின் முடிவிலும் இதே வேலைதான் நடக்கிறது. வசனத்துக்கு வசனம் ஒரே தொடக்கம். சொற்களோ பெரும்பாலும் சின்னப் பிள்ளைக்கும் விளங்குபவை. இதை மகளுக்குச் சொன்னபோது, "அப்பா, உங்களுக்கும் டஃபாரஸ்ட் தெரியுமா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

உத்திகளோடு சொற்பட்டியல் ஒன்றும் வந்தது. 'மெனி' என்று எழுதாதே, 'மிரியட்' என்று எழுது, 'பிளெதோரா' என்று எழுது. இப்படி நாற்பது, ஐம்பது சொல். நல்ல சொற்கள்தான். ஆனால் சொல் தனியாக வாழ்வதில்லை. நாங்கள் பலத்த மழை என்போம், பலத்த பசி என்று யாரும் சொல்வதில்லை. கொளுத்துகிற வெயில் உண்டு, கொளுத்துகிற குளிர் இல்லை. எந்தச் சொல் எதோடு சேரும் என்பது பட்டியலில் இல்லை, வாசிப்பில்தான் இருக்கிறது.

ஒருநாள் பாடசாலையில் பயிற்சிக்கென்று ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அகதிகளாக வருபவர்களை நாடு வரவேற்க வேண்டுமா என்பது பற்றி ஒரு பேச்சு எழுத வேண்டும். மகள் எழுதிக் கொண்டுவந்து வாசித்தாள். நூற்றுக்கு எண்பத்தேழு பேர் ஒப்புக்கொள்கிறார்கள் என்று தொடங்கியது.

"பிள்ளை, இந்த எண்பத்தேழு எங்கையிருந்து வந்தது?"

"நான்தான் போட்டனான். எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை."

அடுத்த வரியில், ஒரு 'பிளெதோரா' அகதிகள் கடல் கடந்து வருகிறார்கள் என்றிருந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தோம். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். முன்பு வைத்தியர்கள் உடம்பில் இரத்தம் அளவுக்கு மிஞ்சிப்போன நோய்க்குச் சொன்னது. இப்போது 'ஏராளம்' என்ற பொருளிலும் பலர் எழுதுகிறார்கள். ஆனாலும் 'தேவைக்கு மிஞ்சியது' என்ற வாடை அதை விட்டுப் போகவில்லை. வரவேற்க வேண்டும் என்று வாதாட வந்த பிள்ளை, 'கூடிப்போச்சு' என்று முதல் பந்தியிலேயே சொல்லிவிட்டாள். யாரைச் சொல்கிறாள்? என்னையும் அவளுடைய அம்மம்மாவையும்தான். அவளுக்கு அது விளங்கியதும் முகம் சுருங்கிப் போனது. நான் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசவும் முடியவில்லை.

பிறகு அவளாகவே கேட்டாள், "அண்டைக்கு எத்தினை பேர் வந்தனீங்கள்?" 1995 ஒக்ரோபர் 30 இரவைத்தான் கேட்டாள். தொகை எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்ததைச் சொன்னேன். செம்மணி வீதியில் மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்தோம். சில மைல் தூரத்துக்கு விடியும் வரை எடுத்தது. எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் தையல் மெசினைக் கட்டி உருட்டிக்கொண்டு போனார். அதை ஏன் எடுத்தார் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

இங்கே வந்து தஞ்சக் கோரிக்கைக்கு வாக்குமூலம் எழுதியபோது, கண்ணீர் ஆறாக ஓடியது என்று நானும் சொல்லியிருந்தேன். சட்டத்தரணி அந்த வரியை மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பக் கேட்டுவிட்டு வெட்டிவிட்டார். எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், யார் யார் கூட வந்தார்கள், கையில் என்ன இருந்தது என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு மனம் நொந்தது. மகளுடைய கொப்பியைப் பார்த்தபோதுதான் அந்த மனுசன் என்ன செய்தார் என்று விளங்கியது.

மகள் திரும்ப எழுதினாள். மழை, தையல் மெசின், முடியாத வீதி. 'நடந்தார்கள்' என்று மூன்று வசனத்தைத் தொடங்கினாள். பாருங்கள், டஃபாரஸ்டில் உள்ள மூன்றடுக்கு தானாகவே வந்துவிட்டது. ஆசிரியை அந்தப் பந்தியின் ஓரத்தில் இப்படி இன்னும் எழுது என்று போட்டிருந்தார். முடிவுப் பந்தி அவசரமாக இருக்கிறது, நிறுத்தக்குறிகளைக் கவனி என்றும் கீழே இருந்தது. அதுவும் சரிதான்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை. பிள்ளை ஒரு புதுச்சொல் கொண்டுவந்தால், அதைத் தமிழில் என்னவென்று சொல்லக் கேளுங்கள். வீட்டில் உள்ள ஒரு பொருளுக்கு அதைப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் குறைவென்று ஒதுங்க வேண்டாம். சொல் பொருந்துகிறதா என்று பார்க்க உங்கள் தமிழே போதும்.

எங்கள் வீட்டில் பிளெதோராவுக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது. குசினி அலுமாரியைத் திறந்தால் தலையில் கொட்டுகிற வெற்று ஐஸ்கிறீம் பெட்டிகளைக் காட்டி, "அம்மா, திஸ் இஸ் எ பிளெதோரா" என்றாள் மகள். மனைவி ஒன்றையும் எறிய விடவில்லை.