மண்ணின் கடன்



காற்றுக் கெட்டால் மூக்கு உணர்த்துகிறது. ஆறு கெட்டால் செத்து மிதக்கும் மீன் அதைச் சொல்லிவிடுகிறது. நிலம் கெட்டால் சொல்வாரில்லை. மேலே புல் முளைத்திருக்கும்; ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்; அடியிலோ, பெய்யும் ஒவ்வொரு மழையோடும் நஞ்சு சிறிது சிறிதாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அது கிணற்றை எட்டிய பிறகுதான் ஊராருக்கு விஷயம் புலப்படுகிறது. அதற்குள், கொட்டியவர் இலாபத்தை எண்ணி முடித்து, ஆலையையும் பூட்டிக்கொண்டு போயிருக்கலாம். இவ்வாறு கெட்ட நிலத்தைச் சீர்செய்யும் செலவு யாரைச் சேர்ந்தது? இன்றைய பேச்சுக்கு இதுவே பொருள்.

இராஜஸ்தானத்தில் உதயபூருக்கு அருகே பிச்ரி என்றொரு சிற்றூர் உண்டு. 1980-களின் இறுதியில் அங்கே ஓர் இரசாயன ஆலை, துணிச் சாயங்களுக்கு வேண்டிய ‘எச்-அமிலம்’ என்னும் பொருளை உற்பத்தி செய்தது. ஏறத்தாழ 375 டன் சரக்கு வெளியேறியது; அதனோடு 2,440 டன் கசடும் பிறந்தது. சரக்கு அந்நிய நாட்டுக்குச் சென்றது. கசடு பிச்ரியில் தங்கிவிட்டது. திறந்த வெளியில் கொட்டிக் கிடந்த அதனை மழை கரைத்து மண்ணுக்குள் இறக்கியது. கிணற்று நீர் நிறம் மாறிற்று. மனிதர் பருகவும் ஆகவில்லை. மாடு பருகவும் ஆகவில்லை. பயிருக்குப் பாய்ச்சவும் ஆகவில்லை. ஊரார் கொதித்தெழுந்தனர். 1989 ஜனவரியில் அந்த அமில உற்பத்தி நின்றது. ஆனால் நஞ்சு நிற்கவில்லை.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1996 பிப்ரவரியில் அந்நீதிமன்றம் ஒரு சிறந்த நியாயத்தை நிலைநாட்டிற்று: கெடுத்தவரே சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அது. செலவு முப்பத்தேழு கோடி ரூபாய்க்குச் சற்று மேல் எனக் கணக்கிடப்பட்டது. தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை. மனுவுக்கு மேல் மனுவாகக் காலம் கழிந்தது. 2011-இல் நீதிமன்றம் சினந்து, நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கூட்டுவட்டியோடு செலுத்துமாறு கட்டளையிட்டது. இடையில் பதினைந்து மழைக்காலங்கள் வந்து போயின. வழக்கு காத்திருக்கலாம், மழை காத்திருக்குமா?

இத்துறையில் தாமதம் என்பதே ஒரு கேடு. நஞ்சு ஒரு குழியளவில் இருக்கும்போது, அம்மண்ணை வெட்டியெடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துவிடலாம். அல்லது நீர் புகாதபடி மேலே மூடிவிடலாம். நிலத்தடி நீரில் கலந்த பின்னரோ, ஆண்டுக்கணக்கில் நீரை இறைத்து இறைத்துத் தூய்மை செய்ய வேண்டும். சிறு கடன் வட்டியேறிப் பெருங்கடனாவது போன்றதே இது.

போபாலில் நாம் கண்டதும் இதுவே. 1984 டிசம்பரில் விஷவாயு வெளிப்பட்ட அந்த ஆலையினின்று 337 டன் நச்சுக் கழிவை அகற்றி, பீதம்பூருக்குக் கொண்டுசென்றது 2025 ஜனவரியில்தான். அவ்வாண்டு ஜூன் மாத இறுதிக்குள் அது எரிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்தேனும் நடந்தது நன்றே. ஆயினும் மூட்டை கட்டிய கழிவை அகற்றுவது வேறு. அது ஊறிய மண்ணையும் நீரையும் தூய்மை செய்வது வேறு.

நீருக்கு 1974-லும், காற்றுக்கு 1981-லும் நம் நாட்டில் சட்டம் பிறந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ், மாசுற்ற நிலங்களுக்கென்றே தனி விதிகள் 2025 ஜூலையில் வெளியாயின. ஐயத்துக்குரிய இடங்களைப் பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜில்லா நிர்வாகம் அறிக்கை தர வேண்டும். மாநில வாரியம் தொண்ணூறு நாட்களுக்குள் முதற்சோதனை நடத்த வேண்டும். அதன்பின் விரிவான ஆய்வு. நஞ்சு அளவு மீறியிருந்தால், அவ்விடத்தை ஊரறிய அறிவித்து, ஆட்கள் நுழையாமல் தடுக்க வேண்டும். கெடுத்தவரைக் கண்டறிந்து செலவை அவரிடமே பெற வேண்டும். அதற்கு வழியில்லாவிடில் மத்திய, மாநில அரசாங்கங்கள் பொறுப்பேற்க வேண்டும். பிச்ரி நீதிமன்றத்தில் பெற்ற நியாயம் இவ்வாறு நாட்டின் விதியாகிவிட்டது.

வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்குத் தவணை உண்டு. சுத்தம் செய்து முடிப்பதற்கு இறுதி நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. விதிகள் வெளியான சமயத்தில் அடையாளம் காணப்பட்டிருந்த இடங்கள் 103. சீரமைப்பு வேலை தொடங்கியிருந்தவை ஏழே. தவணை குறிக்காத கடன் எப்போது திரும்பும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். வேலையை முடிக்கும் நாளும் விதியில் ஏறுதல் வேண்டும்.

அதுவரையில் நம் பங்கும் ஒன்று உண்டு. அதிகாரியின் அறிக்கைக்கு முன்னரே கிணற்றின் நிறத்தை அறிபவள் தண்ணீர் எடுக்கும் பெண். நாற்றத்தை அறிபவன் ஏர் ஓட்டும் உழவன். கண்டதை உடனே பஞ்சாயத்துக்கும் ஜில்லா ஆட்சியாளருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடிதத்தின் நகலையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். நிலத்துக்கு வாய் இல்லை. அதன் மேல் வாழும் நாம்தான் அதற்குச் சாட்சி.