உறையும் சங்கேதமும்



மூவார் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலாக்கா நீரிணை, சரக்குக் கப்பல்கள் சாவதானமாகப் போய்வரும் வழியாகவே தோன்றும். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்தமான் தீவுகளில் சிக்கியிருந்த தம் படையினரை அழைத்துவரும் பொருட்டு, ஜப்பானியரின் ஹகுரோ என்னும் பெரும் போர்க்கப்பல் சிங்கப்பூரிலிருந்து இந்நீரிணை வழியேதான் சென்றது. அவர்களுடைய சங்கேதச் செய்தியைப் பிரிட்டிஷார் முன்னரே உடைத்துப் படித்துவிட்டமையால், மே 10ஆம் தேதி திருகோணமலையிலிருந்து ஒரு கப்பற்படை புறப்பட்டது; 16ஆம் தேதி பின்னிரவில், பினாங்குக்குத் தென்மேற்கே, ஐந்து நாசகாரிக் கப்பல்கள் சூழ்ந்து நின்று டார்பிடோக்களை ஏவ, ஹகுரோ மூழ்கியது.

இத்தகைய கடற்போர்களையும், அவற்றின் பின்னணியில் உழைத்த சங்கேத நிபுணர்களையும் நினைவுகூரும் ஞாபகார்த்தத் தபால் உறைகளைச் சேகரிப்பது, தபால் தலைப் பிரியர்களிடையே தனியொரு கிளையாகவே வளர்ந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தபால் இலாகா, சங்கேத நிபுணர் ஆலன் டூரிங்கைக் கௌரவித்து, சங்கேதம் உடைக்கும் யந்திரத்தின் படத்தோடு ஒரு தபால் தலை வெளியிட்டது. இத்தகைய தலை ஒட்டிய ஞாபகார்த்த உறையின் இடப்பக்கத்துச் சித்திரம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அது அச்சகத்தாரின் கைவண்ணமே. இடத்தையும் தேதியையும் தாங்கிய தபால் முத்திரைதான் உறைக்கு உயிர் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும், யுத்த காலத்திலேயே தபாலில் பிரயாணம் செய்த பழைய உறைகளின்பால்தான் என் மனம் அதிகம் செல்கிறது. மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலைமீதே ஜப்பானியர் தம் முத்திரையைக் குத்திப் புழங்கவிட்ட நீரிணைக் குடியேற்றத் தபால் தலைகளையும், அவர்தம் கணக்கில் 1942ஆம் ஆண்டான 2602 என்னும் எண் பொறித்தவற்றையும் இங்கே பலர் கண்டிருக்கலாம். தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்த கடிதங்களின் ஓரத்தில் ஒட்டுத்தாளும் முத்திரையும் காணப்படும். படித்தேன் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். பகைவனின் செய்தியைப் படித்த சங்கேத நிபுணரோ, படித்த சுவடே தெரியாதிருப்பதில்தான் தம் வித்தையின் வெற்றியைக் கண்டார். ஜப்பானியர் படையெடுப்பில் மூவார்க் கரையில் பீரங்கிகள் முழங்கிய அதே 1942 ஜனவரியில், சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் சங்கேத நிலையத்தார் கொழும்புக்கு இடம்பெயர்ந்ததை, அந்நாளில் எந்த உறையும் சொல்லியிருக்க முடியாது. யுத்தம் முடிந்து பல்லாண்டுகள் அந்த ரகசியம் காக்கப்பட்டமையால், சங்கேத நிபுணர்களுக்கான ஞாபகார்த்த உறைகள் எல்லாம் காலந்தாழ்ந்தே பிறந்தவை.

உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில் தணிக்கை ஒட்டுத்தாளுடன் ஓர் உறை கிடைக்குமாயின், தயவுசெய்து அத்தாளை நீரில் நனைத்துப் பிரித்துவிடாதீர்கள். தலையை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டும் பழக்கத்தையும் கைவிடுங்கள். உறை முழுமையாயிருந்தால்தான் அது எங்கே புறப்பட்டது, யார் கையில் நின்றது, எப்போது போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.