பூட்டிய பள்ளிகள்

 

உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் நான்கு தானங்களைச் சமணம் போற்றுகிறது. முனிவர் உறைந்த இடத்தையும் பிள்ளைகள் பயிலும் இடத்தையும் பள்ளி என்ற ஒரே சொல்லால் தமிழ் அழைக்கிறது. கல்வியைத் தருவது தானமாயின், தடுப்பது யாது? பிறர் அறிவு பெறுதற்கு இடையூறு செய்வது ஞானாவரணீய வினை வந்து சேர்வதற்கு ஒரு காரணம் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். இதன் பொருளை அமெரிக்க நாட்டுப்புறப் பகுதி ஒன்றின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட், புகையிலை விளைந்த வேளாண் மாவட்டம். அங்கே வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. கறுப்பர்க்கென 1939இல் கட்டப்பெற்ற மோட்டன் உயர்நிலைப்பள்ளி 180 மாணவர்க்கே போதுமானது. 1951இல் அங்கே ஏறத்தாழ 450 பேர் பயின்றனர். இடமின்மையால் பலர் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் அமர்ந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 23இல், பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ் தலைமையில் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினர். நல்ல கட்டடம் வேண்டும் என்று தொடங்கிய கோரிக்கை, பிரிவினையை எதிர்க்கும் வழக்காக வளர்ந்தது. 1954இல் பிரௌன் வழக்கோடு சேர்த்து அதனைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்றது.

1959இல், இருவகைப் பிள்ளைகளையும் ஒருங்கே அமர்த்துவதற்கு இசையாத மாவட்ட ஆட்சிக்குழு, பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. பொதுப்பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. வெள்ளையர் தமக்கெனத் தனியார் பள்ளி நிறுவிக்கொண்டனர். கறுப்பினப் பிள்ளைகளோ ஏறத்தாழ 1,700 பேர் பள்ளியின்றி நின்றனர். சிலர் வெளியூர் உறவினர் இல்லங்களுக்குச் சென்றனர். சிலர் தேவாலயங்களில் எழுத்துப் பயின்றனர். பலர்க்கு அதுவும் வாய்க்கவில்லை. வெள்ளையருள்ளும் ஏழைப் பிள்ளைகள் சிலர் கல்வி இழந்தனர்.

1963இல் நன்கொடையால் இலவசப் பள்ளிகள் திறக்கப்பெற்றன. 1964இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்துப் பொதுப்பள்ளிகள் மீண்டும் திறந்தன. ஆறு வயதில் சேரவேண்டிய பிள்ளை, பத்து வயதில்தான் முதன்முதலாக வகுப்பறையைக் கண்டது. 2003இல் வர்ஜீனியா சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது. அதற்குள் அப்பிள்ளைகள் ஐம்பது வயதை நெருங்கியிருந்தனர். இழந்த ஆண்டுகளைத் திருப்பித்தர எவராலும் இயலவில்லை.

கல்வியைத் தடுக்கும் வினை, தடுத்தவரைப் பற்றும் என்பது அறநூல் கூற்று. தடுக்கப்பட்டவரின் வாழ்நாளையும் அது குறைத்துவிடும் என்பது இவ்வரலாறு. ஆகவே, பிள்ளை ஒருவரின் படிப்பு பணமின்றி நிற்க நேரும்போது, அந்த ஆண்டிலேயே கைகொடுப்பது சாத்திர தானம். மறு ஆண்டு கொடுப்பது அதற்கு ஈடாகாது. திருவிழாவிற்குக் கூடும் இல்லங்கள் இதனை நினைவிற் கொள்வனவாக.