ரோஜாவில் சாம்பல் நோய்



மார்கழி, தை மாதங்களில் ரோஜா இலைகளில் வெண்பொடி படிந்தால், செங்கற்பட்டு, மாமல்லபுரம் கரையோரத்தில் கடற்காற்றின் உப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நீரால் துடைத்துப் பாருங்கள். உப்பானால் கரைந்துவிடும். சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் பூத்தால் அது சாம்பல் நோய்ப் பூசணம்.

இந்நோயால் தளிர் சுருளும், மொட்டு மலராது. தை முகூர்த்த நாட்களில் பூ இராது. இது பரவ மழை தேவையில்லை. இரவுக் குளிரும் ஈரக்காற்றும் போதும்.

நோயுற்ற தளிர்களை வெட்டி எரியுங்கள். நெருங்கிய கிளைகளைக் கவாத்து செய்து காற்றோட்டம் தாருங்கள். யூரியாவை அளவோடு இடுங்கள். மிகுந்தால் தளிர் மென்மையாகி நோய் பெருகும்.

பிறகு 10 லிட்டர் நீருக்கு 20 கிராம் நனையும் கந்தகத்தைக் கலந்து, இலையின் இருபுறமும் படும்படி காலையில் தெளியுங்கள். தேவையானால் 15 நாட்கள் கழித்து மீண்டும் தெளிக்கலாம். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். வேப்ப எண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் பொறுத்தே கந்தகம் தெளிக்க வேண்டும்.

கெட்ட மொட்டை எந்த மருந்தும் மீட்காது. ஆகவே முதல் வெண்புள்ளி கண்டதுமே செயல்பட்டுப் பயன் பெறுங்கள்.